கல்லிற் கண்ட மண்ணின் முகம்

ஒரு நகரின் வரலாற்றை நூல்களிற் படிப்பது ஒன்று. அதன் தெருக்களில் நடந்து, கற்களைத் தொட்டு அறிவது மற்றொன்று. மாணவர் குழுவாக அகமதாபாத்துக்குச் சென்று திரும்பிய எங்களுக்கு இவ்வுண்மை நன்கு விளங்கிற்று. படங்களிற் கண்ட தில்லி, ஆக்ராக் கட்டடங்களின் சாயலையே அங்கும் காண்போம் என எண்ணிப் புறப்பட்டோம். கண்டதோ முற்றிலும் வேறு.

சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் 1411 ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம் அது. 1424 இல் நிறைவுற்ற அதன் ஜாமிஆப் பள்ளிவாசலுள் நுழைந்தபோது வியப்பு எங்களை ஆட்கொண்டது. இருநூற்றறுபது தூண்கள்! அவற்றின் வேலைப்பாட்டிலும் உட்கூரையின் அமைப்பிலும் குஜராத்தின் கோயிற்கலை மரபே பேசுகிறது. மினாராக்களின் அடிப்பகுதியில் மாடங்கள் உள்ளன. கோயிலாயின் அங்கே தெய்வ உருவங்கள் நின்றிருக்கும். இங்கோ கொடியும் இலையும் செறிந்த வேலைப்பாடு அவ்விடத்தை நிரப்புகிறது. உருவத்தை விலக்கிய சமயம், உளியை விலக்கவில்லை. அம்மினாராக்களின் மேற்பகுதி 1819 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீழ்ந்துவிட்டது. எஞ்சிய அடிப்பகுதியே இத்தனை பேசுகிறது.

நகரின் தொடக்ககாலப் பள்ளிவாசல்களில் பழைய கோயில்களின் தூண்களும் இடம்பெற்றுள்ளன. இதனை மறைப்பதாற் பயனில்லை. ஆயினும் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அம்மண்ணின் கைவினைஞர்கள் புதிதாகச் செதுக்கியவையே அந்நகருக்குப் புகழ் சேர்த்தன. அசார்வாவிலுள்ள தாதா ஹரீர் படிக்கிணறு இதற்கு நல்ல சான்று. சுல்தான் மஹ்மூது பெகடாவின் அரண்மனையைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், ஏறத்தாழ 1500 ஆம் ஆண்டளவில் வழிப்போக்கரின் தாகம் தீரக் கட்டுவித்தது அது. அங்கே அரபுக் கல்வெட்டும் உண்டு. வடமொழிக் கல்வெட்டும் உண்டு. தாகத்திற்கு மொழி பேதம் ஏது?

சீதி சையது பள்ளிவாசலின் கற்சாளரமோ கண்ணைவிட்டு அகலாதது. கிளைகள் பின்னிப் படர்ந்த மரம் ஒன்றைக் கல்லிலே வலைபோற் செதுக்கியுள்ளனர். 1572-73 இல், குஜராத் சுல்தான்களின் ஆட்சி முடிவுறும் வேளையில், அதனைக் கட்டுவித்தவர் ஆப்பிரிக்காவின் அபிசீனிய மரபினர். அந்தச் சாளரமே இன்று அகமதாபாத்தின் அடையாளச் சின்னம். எங்கிருந்தோ வந்தவர் எழுப்பிய இறையில்லம், ஒரு மண்ணின் முகமாகவே ஆகிவிட்டது! பிரதேச அடையாளம் என்பது பிறப்பால் மட்டும் வருவதன்று, வாழ்வால் வருவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

'போள்' எனப்படும் பழங்குடியிருப்புகளின் குறுகிய சந்துகளிலும் நடந்தோம். செதுக்கிய மரத்தூண்கள், முற்றத்தின் கீழே மழைநீர் சேமிக்கும் தொட்டிகள், பறவைகளுக்குத் தீனியிடும் மேடைகள் ஆகியன அம்மக்களின் உள்ளத்தைக் காட்டின. இக்கூட்டு வாழ்வின் செல்வத்தை மதித்தே, 2017 இல் இந்தியாவின் முதல் உலக மரபு நகரமாக யுனெஸ்கோ அகமதாபாத்தை அறிவித்தது.

ஆனால், அந்நகரில் ஒன்றைத் தேடி நாங்கள் காணாது திரும்பினோம். வலீ தக்கனி என்றும் வலீ குஜராத்தி என்றும் போற்றப்படும் கவிஞர், உருதுக் கஜலின் முன்னோடிகளுள் ஒருவர். குஜராத்தைப் பிரிந்த துயரைக் கவிதையாக்கியவர். 1707 இல் அங்கேயே மறைந்தவர். அவரது அடக்கத்தலம் 2002 ஆம் ஆண்டுக் கலவரத்தில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தின்மேல் தார்ச்சாலையும் போடப்பட்டது. தன்னைக் காதலித்த கவிஞனின் நினைவையே ஒரு நகரம் இழந்தது. இவ்விழப்பு ஒரு சமுதாயத்தினர்க்கு மட்டும் உரியதன்று. குஜராத் தன் முகத்தில் ஒரு பகுதியையே இழந்துவிட்டது என்பது எங்கள் கருத்து.

வெறுப்பு இடிப்பதைக் கண்டு வருந்தும் நாம், அறியாமை இடிப்பதைக் குறித்து வாளாவிருக்கலாமா? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் எழுப்பிய பழம்பள்ளிவாசல்களைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். கருங்கல் தூண்களும் தட்டையான கூரையும் பூவேலைப் போதிகைகளுமாக, தமிழகச் சிற்பியின் கைவண்ணம் அவற்றில் மிளிர்கிறது. அகமதாபாத்தில் நாங்கள் கண்ட அதே உண்மையை அவை தமிழில் மொழிகின்றன. ஆனால் இன்று, விரிவாக்கம் என்னும் பெயரால், நம் ஊர்கள் சிலவற்றில் இத்தகைய பழங்கட்டடங்கள் மறைந்து, எந்த நாட்டுக்கும் பொதுவான சிமெண்டுக் குவிமாடங்கள் எழுகின்றன. தொழுவோர் பெருகும்போது இடம் பெருகவேண்டியது முறையே. அதற்காகப் பழையதை அழித்தல்தான் வேண்டுமா? பக்கத்தே புதியதை இணைத்துக் கட்டலாகாதா? கிப்லாவை நோக்கி நிற்பதற்குக் கட்டடம் அரபு நாட்டுத் தோற்றம் கொள்ளவேண்டும் என்ற நியதி ஏதும் இல்லையே!

'இவர்கள் இம்மண்ணுக்கு அந்நியர்' என்று யாரேனும் கூறுவாராயின், நாம் காட்டத்தக்க மறுமொழி அக்கல்தூண்களே. அந்தச் சான்றை நம் கையாலேயே உடைத்துவிட்டுப் பின்னர் எதைக் காட்டுவோம்? ஜமாஅத்துப் பெரியோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். மாணவர்களாகிய நாமும் நம் ஊர்ப் பழம்பள்ளியின் தூண்களை எண்ணி, கல்வெட்டுகளைப் படியெடுத்து, வரைபடம் வரைந்து வைத்தல் வேண்டும். அகமதாபாத்தின் கற்கள் எங்களுக்குக் கற்பித்த பாடம் இதுவே.