யாருக்கு இல்லை உலகச் சிந்தனை?

தருமபுரியிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் வத்தல்மலை. காப்பியும் மிளகும் சாமையும் விளையும் மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் வியர்வை சிந்திப் பண்படுத்திய மலை. காப்பி பறிக்கும் காலத்திலே அங்கொரு தோட்டத்தில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள், தோழர்களே!

ஒருவன் யாருடனும் பேசமாட்டான். முகம் பார்த்துப் பதில் சொல்லமாட்டான். ஆனால் அவன் கூடையிலே ஒரு பச்சைக்காய் இராது. அத்தனையும் பழம். இன்னொருவன் எல்லாருக்கும் முன்னே ஓடி வருவான், அரைக்கூடை நிறையுமுன் அரிவாளைத் தேடிப் போவான், போன இடத்தில் வேலி கட்டத் தொடங்குவான், கூடையை மறப்பான். முன்னவனுக்கு ஊர் சூட்டும் பட்டம் 'கிறுக்கன்'. பின்னவனுக்கு 'பொறுப்பற்றவன்'. கூலி கொடுக்கையிலோ இருவருக்கும் குறைவு!

மருத்துவம் வேறு பெயர் கூறுகிறது. முன்னவனுக்கு ஆட்டிசம் இருக்கலாம், பின்னவனுக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு இருக்கலாம். 'இருக்கலாம்' என்றே சொல்கிறோம். தீர்ப்பளிக்க நாம் மருத்துவர் அல்லர். ஆனால், மீசை முளைத்தால் போய்விடும் என்போரை மறுக்கிறோம். ஆட்டிசம் ஆயுள் முழுதும் உடன் வருவது, ஏ.டி.எச்.டி.யும் பலரிடம் வளர்ந்த பின்னும் நீடிப்பது. பேயுமன்று, சாபமுமன்று, தாய் வளர்த்த குற்றமுமன்று. மூளை வளர்ந்த விதம் அது.

1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் ஆட்டிசம் குறித்து எழுதிய கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன் டொனால்டு டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரில் வளர்ந்தார், வங்கியில் நெடுங்காலம் பணியாற்றினார், கார் ஓட்டினார், 2023-இல் 89 வயதில் மறைந்தார். அந்த வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தாருடையது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வத்தல்மலைக்காரனுக்கு ஏது வங்கி?

அவனுக்கு இருப்பது சட்டம் ஒன்றுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆட்டிசம் அதில் உண்டு. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு. அதிலே 1 விழுக்காட்டை ஆட்டிசம் உடையோர் இன்னும் பல வகையினரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குறைபாடு 40 விழுக்காடு என்று சான்றும் வேண்டும். ஏ.டி.எச்.டி.க்கோ பட்டியலில் இடமே இல்லை! நம் அரசு ஏடுகளோ ஆட்டிசம் உடையவரைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதிவந்தன. கூடைக்குள் ஒரு காய் விழாமல் பறிக்கிறவனுக்கா உலகச் சிந்தனை இல்லை?

பிறரை மட்டும் குறைகூறி நழுவ நாம் விரும்பவில்லை. நம் கிளைக் கூட்டத்திலும் அவன் இருக்கிறான். ஒலிபெருக்கி அலறினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போகிறான், 'கட்டுப்பாடில்லாதவன்' என்கிறோம். வரவு செலவில் பிழையை நேருக்கு நேர் சொல்கிறான். 'தலைவரை மதியாதவன்' என்கிறோம். சிரிக்கிறோம், தோழர்களே! சுவரொட்டிக் கணக்கை அவனிடம் ஒப்படைத்துப் பார்த்தோமா?

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாயிலில் இரத்த அழுத்தம் பார்க்கிறது, சர்க்கரை பார்க்கிறது. நல்லது, வரவேற்கிறோம். அதே வாயிலில், முப்பது வயது மகனைப் பற்றித் தாயிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும். ஐயம் எழுந்தால் மனநல மருத்துவர் குறித்த நாளில் மலையேறி வரட்டும். ஒருநாள் கூலியை இழந்து அவள் ஏன் மகனை இழுத்துக்கொண்டு தருமபுரிக்கு இறங்கவேண்டும்?