முதலாளியம்மா

ரேஸ் கோர்ஸில் காலை நடை முடித்து நாங்கள் நாலைந்து பேர் உட்காரும் பெஞ்சில் போன வாரம் ஒரு வாக்குவாதம். பெண்கள் தொடங்கும் தொழில்களில் முதலீடு செய்வதற்கென்றே தனி நிதிகள் வந்திருப்பதைப் பற்றி யாரோ பேச்செடுத்தார். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் சட்டென்று, "ஏனுங்க, பொம்பளைகளுக்குன்னு தனியா ஒரு ஃபண்டா? பணத்துக்கு ஏதுங்க ஆணும் பொண்ணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது. அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் முதல் போட்டவர் முதலாளி. 'முதலாளியம்மா' என்றால் யார்? முதல் போட்ட பெண் என்று யாரும் நினைப்பதில்லை. முதலாளியின் மனைவி என்றுதான் நினைப்போம். பணத்துக்கு ஆண் பெண் இல்லை என்கிறோம். நம் பேச்சிலேயே இருக்கிறது.

முதல் போடும் பெண் இல்லாமல் இல்லை. ரேணுகா ராம்நாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1986ல் ஐசிஐசிஐயில் சேர்ந்தவர். 2001 முதல் 2009 வரை ஐசிஐசிஐ வென்ச்சர் நிறுவனத்தை நடத்தினார். 2009ல், உலகச் சந்தையே ஆட்டம் கண்டிருந்த சமயத்தில், அந்தப் பதவியை விட்டுவிட்டு மும்பையில் 'மல்டிபிள்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பிரைவேட் ஈக்விட்டி என்பது அவர் தொழில். ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவர்களிடம் பெரும்பணம் திரட்டி, வளரக்கூடிய கம்பெனிகளில் பங்கு வாங்கி, சில வருடம் உடனிருந்து வளர்த்து, பிறகு விற்று லாபம் பார்ப்பது. முதல் நிதிக்கே 40 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். பெண் என்று யாரும் சலுகை தரவில்லை. அடுத்தவர் பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

ஹைதராபாத்தில் பிறந்த வாணி கோலா அமெரிக்காவில் தொழில் நடத்திவிட்டு 2006ல் திரும்பி வந்தவர். பெங்களூரில் 'கலாரி கேப்பிட்டல்' அவருடையது. அந்த நிறுவனம் 2021ல் பெண் தொழில்முனைவோருக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. நண்பர் கேலி செய்தது இந்த மாதிரித் திட்டத்தைத்தான்.

தனித் திட்டம் எதற்கு? நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கரும்பலகையில் 'லிபெர்த்தே, எகலித்தே, ஃப்ராத்தெர்னித்தே' என்று எழுதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது சொல்லில் சகோதரன் மட்டும்தான் இருக்கிறான், சகோதரி இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிரான்சிலேயே மணமான பெண் கணவன் சம்மதமில்லாமல் வேலைக்குப் போகவும் பாங்கில் கணக்குத் தொடங்கவும் 1965ல்தான் சட்டம் வழிவிட்டது.

நம் திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பே 'சகோதர மூலதனம்' என்ற பொருள் தருவது. காட்டு வேலை செய்தவர்கள் பனியன் கம்பெனியில் ஆளாகச் சேர்ந்து, கூட்டாளி சேர்த்து, முதலாளி ஆன கதை. உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டு எங்கே உருவானது? அண்ணன் தம்பி, மாமன் மச்சான், டீக்கடை, கல்யாணப் பந்தி. நம்பிக்கை பிறந்த இடமெல்லாம் ஆண்கள் உட்கார்ந்த இடம். ஒரே பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு உழைத்த பெண்ணை எந்தக் கூட்டாளி பங்குக்குக் கூப்பிட்டார்? ஆண்களுக்கென்று தனி ஃபண்ட் எப்போதும் இருந்தது. அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது. 2020ல் முருகப்பா குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில், காலமான எம்.வி. முருகப்பனின் மூத்த மகள் வள்ளி அருணாசலம் இயக்குநர் பதவி கேட்டார். அணுப் பொறியியல் படித்தவர். பங்குதாரர் ஓட்டில் 91 சதவீதத்துக்கு மேல் எதிராக விழுந்தது. 2023ல் குடும்பத்துக்குள் சமரசமாகிவிட்டது, நல்லது. பங்கு மகளுக்கு வந்துவிடுகிறது. நாற்காலிதான் வருவதில்லை.

"மகளிர் குழுக் கடன் கொடுக்கிறார்களே, போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். 1989ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் எத்தனையோ வீடுகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றின. மறுக்கவில்லை. ஆனால் கடனும் முதலும் ஒன்றல்ல. கடன் வாங்கியவள் அடுத்த மாதமே தவணை கட்ட வேண்டும், வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும். முதல் போட்டவன் நஷ்டத்திலும் பங்கு கொள்கிறான், காத்திருக்கிறான். பெண்ணுக்குக் கடன், ஆணுக்கு முதல் என்று பிரித்து வைத்துவிட்டு, "பொம்பளை தொழில் சின்னதாவே நிக்குது" என்று குறை சொல்வது என்ன நியாயம்?

நானும் யோக்கியன் அல்ல. எண்பதுகளில் சிறுதொழில் விண்ணப்பங்கள் வரும் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் வைண்டிங் செய்யும் ஒரு அம்மா வந்தார். ஜாப் ஒர்க் தருவதாக ஒரு பட்டறை எழுதிக் கொடுத்த கடிதம், கணக்கு, எல்லாம் கையில் இருந்தது. நான் படித்துக்கூடப் பார்க்காமல், "வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா" என்றேன். அப்படி ஒரு விதி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. "சரிங்க" என்று போனார். திரும்ப வரவில்லை. அதே வாரம், மனைவி பெயரில் கணவர் கொண்டு வந்த மனுக்களை, அந்த மனைவிகளைப் பார்க்காமலே, மேலே அனுப்பினேன்.

ஆகவே இந்த நிதிகளிலும் ஏமாற்று நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கம்பெனிச் சட்டம் 2013ல் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு பெண் இயக்குநர் கட்டாயம் என்றதும், மனைவியையும் மகளையும் உட்கார வைத்துக் கணக்குக் காட்டியவர்கள் உண்டு. மகளிர் தினத்தன்று சால்வை போர்த்தி அனுப்பும் திட்டமும் எனக்கு வேண்டாம். பெண் பெயரில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். முடிவு யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் கொடுக்கும் இடத்தில் பெண் இருக்கிறாளா என்றும் பாருங்கள். அந்த அம்மாவின் கணக்கைப் படித்துப் பார்க்க அன்று என் மேஜைக்குப் பின்னால் வேறொருத்தி உட்கார்ந்திருந்தால்?

அகமதாபாத்தில் 1974ல் ஏழைப் பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று சேவா பாங்கைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். பணம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மகன் பட்டறை போட நிலத்தை விற்றுக் கொடுத்தோம். மகளுக்கு அதே பணத்தை நகையாகப் போட்டு அனுப்பினோம். நகை லாக்கரில் தூங்குகிறது. அவளைக் கூப்பிட்டு, "இதை எதில் போடலாம், நீயே சொல்லம்மா" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்வதன்படி செய்யுங்கள்.

நாளைக் காலை அந்த பெஞ்சில் நண்பருக்கும் இதையே சொல்வேன்.