அடுத்த டெண்டரில் மூட்டைக்கும் இடம் எழுதுங்கள்

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், மாநகர் போக்குவரத்துக் கழகம், சென்னை

மதிப்பிற்குரிய ஐயா,

2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120, ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து 135 என மின்பேருந்துகள் சாலைக்கு வந்தன. இரைச்சலும் புகையும் இல்லாத தாழ்தள வண்டி தென்புறநகருக்கு வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். இனி வாங்கப்போகும் வண்டிகளின் உள்ளமைப்பு பற்றி ஒரு கோரிக்கை: ஏறும் கதவருகே உள்ள தாழ்தளப் பகுதியை, நேரத்துக்குத் தக்கபடி ஆளுக்கும் சரக்குக்கும் மாற்றிக்கொள்ளும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள்.

மகளிர் சுய உதவிக் குழுவினர் அடையாள அட்டையைக் காட்டித் தங்கள் பொருள்களை 25 கிலோ வரை அரசுப் பேருந்தில் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம் என்று 2025இல் அரசு சலுகை தந்தது. நல்ல முடிவு. ஆனால் சலுகை அடையாள அட்டையில் இருக்கிறது, வண்டிக்குள் அதற்கு இடம் இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ தாம்பரம் சண்முகம் சாலைக்கோ மூட்டையோடு ஏறும் அம்மா அதை எங்கே வைப்பார்? வழியில் வைத்தால் இறங்குகிறவர் திட்டுவார். சக்கர நாற்காலிக்கான இடத்தில் வைத்தால் அது இன்னொருவருடைய உரிமையைப் பறிப்பது. கடைசியில் பஞ்சாயத்து நடத்துநர் தலையில்தான் விழுகிறது.

இன்னொரு பக்கம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று அங்கே பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, பெரும்பாலான தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் 2022 ஆகஸ்ட் முதல் தன் பேருந்துகளின் சரக்கு அறையை வாடகைக்கு விடுகிறது. மதுரையிலிருந்து அப்படி வரும் பெட்டி மேடவாக்கத்துக்கோ சோழிங்கநல்லூருக்கோ போக வேண்டுமானால், அதற்கென்று ஒரு லோடு ஆட்டோ பிடிக்க வேண்டும். அதே கிளாம்பாக்கத்திலிருந்து திருவான்மியூருக்கு 95எக்ஸ், சோழிங்கநல்லூருக்கு 555எஸ் என்று உங்கள் வண்டிகள், கூட்டம் குறைந்த நண்பகலிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பெட்டியை அவற்றிலேயே ஏற்றலாம்.

கர்நாடகமும் தெலங்கானாவும் அரசுப் பேருந்தில் பார்சல் சேவை நடத்துகின்றன. வெளியூர் வண்டிக்கு டிக்கி உண்டு. தாழ்தள நகரப் பேருந்துக்கு அது கிடையாது, ஆகவே இடத்தை உள்ளேயேதான் ஒதுக்க வேண்டும். 2019இல் ஸ்கானியா நிறுவனம், காலையில் பயணிகள், பகலில் சரக்கு என்று கூண்டையே கழற்றி மாற்றும் மின்வண்டி ஒன்றை மாதிரியாகக் காட்டியது. அத்தனை பெரிய ஏற்பாடு நமக்குத் தேவையில்லை. பக்கவாட்டில் மடக்கு இருக்கைகள், தரையில் சரக்கைப் பிணைக்கும் கொக்கிகள், ஒரு கம்பி வலைத் தடுப்பு ஆகியவை போதும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்திலேயே சக்கரம் வைத்த கூண்டையும் உருட்டி ஏற்றலாம். எடையும் பிரச்சினை இல்லை: நின்று பயணிக்கும் பத்துப் பேரே அறுநூறு கிலோவைத் தாண்டுவார்கள். சக்கர நாற்காலி இடத்தை மட்டும் எந்த நேரத்திலும் தொடக் கூடாது.

இதை ஏன் இப்போதே எழுதுகிறேன் என்றால், இந்த மின்பேருந்துகள் கழகத்துக்குச் சொந்தமானவை அல்ல. வண்டி தனியார் நிறுவனத்துடையது, ஓட்டுநரும் அந்த நிறுவனத்தவர். நடத்துநர் உங்களவர். ஓடிய கிலோமீட்டருக்கு நீங்கள் பணம் தருகிறீர்கள். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு இருக்கையை மாற்றச் சொன்னால், செலவு யாருடையது, சரக்கு சேதமானால் பொறுப்பு யாருக்கு என்ற வழக்குதான் மிஞ்சும். டெண்டரிலேயே எழுதிவிட்டால் விலையும் பொறுப்பும் முன்கூட்டியே தெளிவாகிவிடும்.

இருக்கிற கூட்டத்தில் சரக்கு வேறா என்று பயணிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே நான்கு நிபந்தனைகள்:

1. பார்சல் கூண்டு காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டும். மற்ற நேரங்களில் இருக்கைகளை விரித்தே வைக்க வேண்டும்.

2. ஏற்றுவதும் இறக்குவதும் முனையங்களில் மட்டும். வழியில் எந்த நிறுத்தத்திலும் பார்சலுக்காக வண்டி காத்திருக்கக் கூடாது.

3. கூண்டைக் கையாளத் தனி ஆள் வேண்டும். நடத்துநரைச் சுமைதூக்க வைக்கக் கூடாது.

4. சுய உதவிக் குழுப் பெண்களின் மூட்டைக்கு முதலிடம். கூரியர் நிறுவனங்களுக்கு மிச்ச இடம்தான்.

டெண்டருக்கு முன், பெரும்பாக்கம் பணிமனையின் இரண்டு வண்டிகளில், ஒப்பந்த நிறுவனத்தின் சம்மதத்தோடு, ஆறு மாதம் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு நடைக்கும் எத்தனை நிமிடம் தாமதம், எவ்வளவு வரவு, பயணிகளிடமிருந்து எத்தனை புகார் என்பதைப் பொதுவில் வையுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் பார்சல் யோசனையைக் கைவிடலாம். மூட்டைக்கான இடத்தைக் கைவிட முடியாது. அரசே தந்த 25 கிலோவுக்கு வண்டிக்குள் இடம் காட்டும் கடமை உங்களுடையது.

இப்படிக்கு,
கிழக்குத் தாம்பரம் பயணி ஒருவர்