போலீஸ் வயர்லெஸ்ஸைக் கேட்கும் கருவி நமக்கு வேண்டாம்



ஸ்கேனர் என்றொரு ரேடியோ இருக்கிறது. போலீஸ், தீயணைப்புத் துறையினரின் வயர்லெஸ் பேச்சைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். எதை வாங்குவது என்று நங்கநல்லூர் மளிகை வியாபாரிகள் சிலர் விசாரிக்கிறார்கள். திருட்டுப் பயமும் வெள்ளப் பயமும் உள்ளவர்கள் அப்படிக் கேட்பது இயற்கையே. ஆயினும் எதுவும் வாங்க வேண்டாம் என்பதே நமது கருத்து.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்குத் தடையில்லை. நம் நாட்டு நிலைமை வேறு. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, செய்திகளைச் சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்பவருக்கும் தொல்லைதான். முறையான அனுமதி விவரமின்றி வாக்கிடாக்கி விற்றதற்காக இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் நோட்டீஸ் அனுப்பியது.

நமக்கு உண்மையில் தேவை போலீஸ் பேச்சு அல்ல. உரிய நேரத்தில் தகவல். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. மின்சாரம் நின்றது, செல்போன்கள் ஊமையாயின. இரண்டு மணி நேரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் அடி அடுக்கு அரிசி மூட்டைகளையாவது மேலே ஏற்றியிருக்கலாமே என்று வருந்தாத வியாபாரி உண்டா? பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றாலே ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து வரும் சரக்கு சுற்றி வர வேண்டியிருக்கிறது.

ஆகவே சட்டத்துக்கு உட்பட்ட வழிகளைப் பார்ப்போம். பேட்டரியில் ஓடும் சாதாரண டிரான்சிஸ்டர் ஒன்று கடைதோறும் இருக்கட்டும். கடைக்கும் குடோனுக்கும் பேசிக்கொள்ள 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி வாக்கிடாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அரசின் கருவி வகை ஒப்புதல் பெற்றதா என்று பார்த்து, பில்லுடன் வாங்க வேண்டும். கட்டடங்கள் நெருங்கிய நம் பகுதியில் அது வெகுதூரம் எட்டாது. பக்கத்துத் தெரு குடோனுக்குப் போதும்.

வயர்லெஸ்ஸில் ஆர்வமுள்ள பிள்ளைகள் ஹாம் ரேடியோ தேர்வு எழுதி முறையாக உரிமம் பெறட்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் கருவிகள்தான், தொலைபேசி அறுந்த வேளையில், செய்திகளைக் கரை சேர்த்தன.

திருட்டு என்றால் உடனே 112ஐ அழையுங்கள். ஏரி திறக்கும் செய்தி முன்கூட்டியே வணிகர்களுக்கு நேராக வந்து சேர, நீர்வளத்துறையிடமும் காவல்துறையிடமும் நமது சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதைப் பெற்றுக் கடைகளுக்குச் சொல்ல, தெருவுக்கு ஒருவரைப் பருவமழைக்கு முன்பே நியமிக்க வேண்டும். ஒட்டுக்கேட்டுப் பெற வேண்டிய செய்தி அல்ல அது. வரி கட்டும் நமக்கு உரிமையோடு வர வேண்டிய செய்தி.