காயில் போச்சு ஸார்!

மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிற வாக்கியம் இது. டாக்டராவது நாக்கை நீட்டச் சொல்வார். இவர்களுக்கு அதுகூட வேண்டாம். காயில் போச்சு என்றால் செம்புக் கம்பியைப் பிரித்து எடுத்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். இரண்டு நாள், இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். அந்த இரண்டு நாளும் நீங்கள் பக்கெட்டும் கையுமாக அடுத்த வீட்டு வாசலில் நின்று பல்லைக் காட்ட வேண்டும்.

சில சமயம் நிஜமாகவே காயில் போயிருக்கும். எரிந்த வார்னிஷ் வாசனை ஊரைக் கூட்டும். ஆனால் ஸ்விட்ச் போட்டால் ‘உம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு, சுற்றாமல் நிற்கிறதா? காயிலை அவ்வளவு சீக்கிரம் சந்தேகப்படாதீர்கள்.

கோவில்பதாகையில் எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் ஆவடிக்கு ஓடி லோக்கல் பிடிக்கிறவர்கள். ஆறு மணிக்கே வீட்டுக்கு வீடு மோட்டார் கச்சேரிதான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, சம்ப்பிலிருந்து மேலே ஏற்றுகிற எங்கள் அரை ஹெச்.பி. மட்டும் முனகியது. வந்த மெக்கானிக் வழக்கமான தீர்ப்பை வாசித்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். அப்போது காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அடுத்த வீட்டுப் பெரியவர். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா, அஜேயா என்று முப்பது வருஷத்துக்கு மேல் உருட்டி ரிடையரானவர். (எங்கள் பக்கம் டாங்க் என்றால் இரண்டு. ஒன்று மொட்டை மாடியில் இருக்கும், இன்னொன்று சுடும்.)

“தம்பி, பிளக்கைப் பிடுங்கிட்டு ஷாஃப்ட்டைச் சுத்திப் பாத்தாரா?”

“இல்லீங்களே.”

“பாக்கச் சொல்லு. அதுக்குக் காசு கெடயாது.”

மோட்டாரின் பின்பக்க மூடி நடுவே ஒரு ஓட்டை. உள்ளே ஷாஃப்ட் முனையில் ஸ்க்ரூடிரைவர் நுழைகிற மாதிரி ஒரு வெட்டு. மெக்கானிக் வேண்டாவெறுப்பாகத் திருப்பினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. “அப்ப கண்டன்சரைப் பாருப்பா” என்றார் பெரியவர். அது வயிறு உப்பி, கர்ப்பிணி மாதிரி இருந்தது. புதுசு நூற்று நாற்பது ரூபாய். பத்து நிமிஷத்தில் மேலே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

“கண்டன்சரும் போயிருக்கு ஸார்” என்றார் மெக்கானிக். அந்த ‘உம்’மில்தான் இரண்டாயிரம் ரூபாய் ஒளிந்திருக்கிறது.

பி.காம். படித்தவனுக்குக் கண்டன்சரைப் பெரியவர் ஆட்டுக்கல்லை வைத்து விளக்கினார். குழவியை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தால் அது சுற்றுமா? ஆடும், அவ்வளவுதான். பக்கவாட்டில் ஒரு தள்ளு வேண்டும். வீட்டுக்கு வருகிற சிங்கிள் ஃபேஸ் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆட்டுகிற ஜாதி. மோட்டாருக்குள் இன்னொரு சுற்றுக் கம்பி வைத்து, அதற்குப் போகிற கரண்ட்டைக் கொஞ்சம் முந்திக்கொள்ள வைப்பது கண்டன்சர். அதுதான் அந்தப் பக்கவாட்டுத் தள்ளு. அது செத்தால் மிச்சமிருப்பது உம்ம்ம்.

கையால் திருப்பினாலும் சுற்றவில்லை என்றால் வேறு கதை. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் உள்ளே துரு பிடித்து இறுகியிருக்கும். எதுவானாலும் முனகுகிற மோட்டாரை ‘இதோ எடுத்துக்கும்’ என்று ஓட விடாதீர்கள். அப்போதுதான் காயில் நிஜமாகவே போகும். லோ வோல்டேஜும் இதே மாதிரி நாடகம் ஆடும்: வோல்டேஜ் கால் பங்கு குறைந்தால் மோட்டாரின் சுழற்றும் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

அடுத்த வியாதி: மோட்டார் ஜோராக ஓடும், தண்ணீர் மட்டும் வராது. ஃபுட் வால்வ் ஒழுகியோ, உறிஞ்சுகிற பைப்பின் ஜாயின்ட்டில் காற்று புகுந்தோ இருக்கும். தண்ணீர் ஊற்றி நிரப்பிப் பாருங்கள். ஆனால் கிணற்றில் மட்டமே இறங்கியிருந்தால் குடம் குடமாக ஊற்றியும் பிரயோஜனமில்லை. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை; வெளியே இருக்கிற காற்றுதான் அழுத்தி மேலே தள்ளுகிறது. அதன் சக்தி கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் 25 அடிக்குக் கிட்டே. 1638-இல் வந்த கலிலியோவின் புத்தகத்திலேயே, குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே பம்பு எடுக்காது என்று ஒரு வேலையாள் சொன்னது இருக்கிறது. கலிலியோ சொன்ன காரணம் தப்பு. சரியாகச் சொன்னவர் அவருடைய சிஷ்யர் டாரிசெல்லி.

அந்த 25 அடியைத் தாண்ட வந்ததுதான் ஜெட் பம்பு. 1920களில் அதை ஆழ்கிணறுகளுக்குச் செய்து விற்றவர்களில் ஒரு கூட்டம், இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போன ஜக்கூஸி சகோதரர்கள். ஆமாம், அதே ஜக்கூஸி! 1940களின் கடைசியில், அவர்களில் ஒருவர், மூட்டுவாதத்தில் துடித்த தன் சின்னப் பையனுக்காக வீட்டுக் குளியல் தொட்டியில் வைக்க ஒரு பம்பு செய்தார். 1968-இல் அது தொட்டிக்குள்ளேயே பொருத்தி விற்பனைக்கு வந்தது. இன்று நட்சத்திர ஓட்டலில் உங்கள் எம்.டி. கால் நீட்டிப் படுக்கிற வெந்நீர்த் தொட்டிக்கும் நம் வீட்டுக் கிணற்று மோட்டாருக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. அங்கேயும் கண்டன்சர் போனால் உம்ம்ம்தான்.

ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் மின்சாரம் மிச்சமிருக்கும். அதன் ஒயர்களில் விரல் வைக்காதீர்கள். மாற்றுகிற வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஷாஃப்ட்டைத் திருப்பச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை மட்டும் உங்களுடையது. மோட்டார் பாடியைத் தொட்டால் ‘சுர்’ என்கிறதா? கண்டன்சர், காயில் எல்லாம் அப்புறம், முதலில் எர்த். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஸ்விட்ச் போடப் போவது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்ட்டை வெட்டிவிடுகிற ஆர்.சி.சி.பி. கடையில் கிடைக்கிறது.

பெரியவரும் நானும் அந்த வாரம் தெருவில் மூன்று வீட்டு மோட்டார்களைப் பார்த்தோம். மூன்றிலும் பிளக்கின் எர்த் பின்னை உடைத்திருந்தார்கள், இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதற்காக. ஒரு வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்:

“அப்பப்ப லேசா ஷாக் அடிக்கும் ஸார். மத்தபடி மோட்டார் ஏ ஒன் கண்டிஷன்!”