கண்ணுக்குத் தெரியாத காயத்திற்கு யார் சாட்சி?

காலில் குண்டு பாய்ந்த படைவீரர் இழப்பீடு கேட்டால், எக்ஸ்ரே படம் அவருக்காகப் பேசும். இரவெல்லாம் தூக்கமின்றித் தவிப்பவருக்காக, பட்டாசுச் சத்தம் கேட்டாலே நடுங்கிப்போகும் ஒருவருக்காக எது பேசும்? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை பல பத்தாண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறது. அது சரிசெய்த இடங்களிலிருந்தும் கோட்டைவிட்ட இடங்களிலிருந்தும் இளையர்களாகிய நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

போர் மனத்தையும் காயப்படுத்தும் என்பது புதிய செய்தி அல்ல. முதலாம் உலகப் போரின்போது அதை ‘ஷெல் ஷாக்’ என்றார்கள். இரண்டாம் உலகப் போரில் ‘போர்க் களைப்பு’ என்றார்கள். வியட்னாம் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் ‘பிடிஎஸ்டி’ என்ற பெயரைச் சேர்த்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனஉளைச்சல் நோய் என்று அதைத் தமிழில் சொல்லலாம். நோய்க்குப் பெயர் கிடைத்த பிறகே இழப்பீட்டிற்கான வழியும் தெளிவானது.

அந்த வழியில் மூன்று படிகள் உண்டு. இப்போது நோய் இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். பணிக்காலத்தில் அதிர்ச்சி தரும் நிகழ்வு ஒன்று நடந்திருக்க வேண்டும். அந்த நிகழ்வுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று மருத்துவ ரீதியாகக் காட்ட வேண்டும். மூன்றும் நிறைவேறினால் நோயின் கடுமை 0, 10, 30, 50, 70, 100 விழுக்காடு என்று மதிப்பிடப்படும். மாத இழப்பீடு அதைப் பொறுத்தே அமையும்.

பலர் தடுக்கி விழுந்தது இரண்டாவது படியில். நேரடியாகப் போரிட்டவர்களுக்கு விதி ஓரளவு தளர்வாகவே இருந்தது. லாரி ஓட்டுநர், சமையல்காரர், எழுத்தர் போன்றோரின் நிலை வேறு. ஈராக்கில் போர்முனை, பின்னணி என்ற தெளிவான எல்லைக்கோடு இல்லை. சாலையோரக் குண்டுக்கு அருகே லாரி ஓட்டியவரும், முகாமில் விழுந்த குண்டுக்கு நடுவே சோறாக்கியவரும் அதே அச்சத்தோடுதான் வாழ்ந்தார்கள். ஆனால் ‘அந்த நாளில் அது நடந்தது’ என்று காட்ட அவர்களிடம் பதிவேடு இல்லை.

2010 ஜூலையில் இந்த விதி மாறியது. எதிரியின் தாக்குதல் அல்லது பயங்கரவாதம் குறித்த அச்சத்தால் நோய் வந்திருந்தால், நலத்துறையின் மனநல மருத்துவரோ உளவியலாளரோ அதை உறுதிசெய்தால், அவர் பணியாற்றிய இடமும் சூழலும் பொருந்தி வந்தால், வீரரின் வாக்குமூலமே போதும். தனிப் பதிவேடு தேவையில்லை.

‘பொய் சொல்பவர்களுக்கு இது கதவு திறந்துவிடாதா? வரிப்பணம் வீணாகாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே தளர்த்தப்பட்டது ஒரு பூட்டு மட்டுமே. நோயை உறுதிசெய்வது இன்னும் நிபுணரின் கையில் இருக்கிறது. எங்கே, எப்போது பணியாற்றினார் என்பது ராணுவத்தின் ஆவணத்திலேயே இருக்கிறது. சட்டம் படிக்கும் நண்பர்களுக்கு இன்னொரு செய்தி: குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போவதுபோல, இங்கே இரு பக்கச் சான்றுகளும் ஏறக்குறைய சமமாக இருந்தால் பலன் வீரருக்கே போக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. ஆவணங்களை வைத்திருப்பது அரசாங்கம். அவை இல்லாததால் வரும் இழப்பைத் தனிமனிதரின் தலையில் கட்டக்கூடாது என்பதே இதன் நியாயம்.

இந்த நியாயம் எல்லாருக்கும் எட்டவில்லை. பணிக்காலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 2010ஆம் ஆண்டின் தளர்வு பொருந்தாது. புகார் கொடுக்காதவர்கள் மறைமுகச் சான்றுகளைத் தேடித் தர வேண்டும். திடீரென இடமாற்றம் கேட்டது, வேலைத் திறன் சரிந்தது, குடும்பத்தாரிடம் சொன்னது போன்றவை சான்றுகளாக ஏற்கப்படும். அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டிய அதிகாரிகளே பல நேரம் தேடவில்லை. நிராகரிக்கப்பட்ட இத்தகைய கோரிக்கைகளில் ஏறத்தாழ பாதி சரியாகக் கையாளப்படவில்லை என்று நலத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018ல் கண்டறிந்தது. 2021ல் அது மீண்டும் ஆராய்ந்தபோதும் குறைகள் தீரவில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இதே நலத்துறையின் மருத்துவமனைகள் பாலியல் வன்முறையால் வந்த பாதிப்புக்கு எந்த ஆவணமும் கேட்காமல் இலவசச் சிகிச்சை தருகின்றன. ஒரே துறையில், மருத்துவர் நம்புகிறார். இழப்பீட்டு அலுவலகம் காகிதம் கேட்கிறது.

இன்னொரு பிரச்சினை, பெயர்ச்சீட்டு. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ‘ஆளுமைக் கோளாறு’ என்ற காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். நலத்துறையின் விதிப்படி ஆளுமைக் கோளாறு இழப்பீட்டுக்கு உரிய நோயே அல்ல. எனவே உண்மையில் பிடிஎஸ்டியால் அவதிப்படுபவருக்கு அந்த ஒரு சொல் பெரும் தடையாகிவிடும். தவறான பெயரை மாற்ற அவர் பல ஆண்டுகள் மனுப் போட வேண்டியிருக்கும்.

இந்தப் பக்கத்தின் நிலைப்பாடு தெளிவானது. நிபுணர் உறுதிசெய்தால் வாக்குமூலம் போதும் என்ற 2010ஆம் ஆண்டு விதியைப் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். போர்ப் பகுதியில் பணியாற்றிய ஒருவருக்கு ஆளுமைக் கோளாறு என்று முத்திரை குத்துவதற்குமுன், ராணுவத்தைச் சாராத மனநல மருத்துவர் ஒருவரும் அவரைப் பரிசோதிக்க வேண்டும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், எந்தச் சான்று போதவில்லை என்பதை எளிய சொற்களில் எழுதித் தர வேண்டும். இவற்றுக்குச் செலவு ஆகும்தான். போருக்கு அனுப்பும்போது ஆகும் செலவைக் கணக்கிடும் அரசாங்கம், திரும்பி வருபவருக்கு ஆகும் செலவையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படிக்கும் சிங்கப்பூர் இளையர்களில் பலர் தேசிய சேவை முடித்தவர்கள் அல்லது விரைவில் செல்லவிருப்பவர்கள். நம் அனுபவத்தைப் போர்க்களத்தோடு ஒப்பிட முடியாது. ஆனால் கேள்வி நமக்கும் பழக்கமானதுதான். கால் கட்டோடு வரும் நண்பனிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ‘மனசு சரியில்லை’ என்று சொல்பவனிடம் மட்டும் ‘சும்மா சாக்குச் சொல்லாதே’ என்கிறோம்.

நம்மில் சிலர் நாளை மருத்துவராகவும், வழக்கறிஞராகவும், சமூக ஊழியராகவும் ஆகப்போகிறவர்கள். இப்படிப்பட்ட கோரிக்கைப் படிவங்களை வடிவமைப்பவர்களும் அவற்றில் கையெழுத்திடுபவர்களும் அவர்களாகவே இருப்பார்கள். படிவத்தில் ‘ஆதாரம் இணைக்கவும்’ என்று எழுதும்முன், அந்த ஆதாரத்தைத் தேடித்தர வேண்டியவர் நோயாளியா, நாமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.