கராத்தே பெல்ட்டுக்கு மதிப்பு கொடுப்பது யார்? ஒகினாவா முதல் போளூர் வரை... ஒரு பார்வை

ஸ்கூல் விட்டதும் வெள்ளை டிரெஸ்ஸோட கராத்தே கிளாஸுக்கு ஓடும் பிள்ளைகளை சென்னையில் மட்டுமல்ல, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் போளூர் மாதிரியான ஊர்களிலும் பார்க்கலாம். மஞ்சள், பச்சை, பிரவுன் என ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு தேர்வு, ஒரு கட்டணம், ஒரு சான்றிதழ். சரி, அந்தச் சான்றிதழ் எங்கே செல்லும், எங்கே செல்லாது?

எங்கே தொடங்கியது?

கராத்தே பிறந்தது ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவில். 1922-ல் கிச்சின் ஃபுனகோஷி டோக்கியோவில் செய்து காட்டிய பிறகுதான் ஜப்பான் முழுக்க கவனம் திரும்பியது. பிளாக் பெல்ட் முறை ஜூடோவிடம் இருந்து வாங்கியது. 1924-ல் ஃபுனகோஷி அதை தன் மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

தமிழ்நாட்டுக்கு வந்த இஷின்ரியூ

ஒகினாவாவைச் சேர்ந்த தட்சுவோ ஷிமாபுகு, ஷோரின்ரியூ, கோஜுரியூ என்ற இரண்டு பாணிகளைக் கலந்து 1956-ல் உருவாக்கியதுதான் இஷின்ரியூ. அந்தத் தீவில் முகாமிட்டிருந்த அமெரிக்க மரைன் வீரர்கள் அவரிடம் கற்று, ஊர் திரும்பியதும் பள்ளிகள் தொடங்கினார்கள். பாணி கடல் கடந்தது இப்படித்தான்.

தமிழ்நாட்டில் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியவர் ஷிஹான் ஹுசைனி. 'புன்னகை மன்னன்' படத்தில் நடித்தவர், பவன் கல்யாணுக்கு கராத்தே சொல்லிக் கொடுத்தவர். ரத்தப் புற்றுநோயால் 2025 மார்ச்சில் காலமானார்.

ஏன் இத்தனை சங்கங்கள்?

கராத்தே பள்ளிகள் ஆசானை நம்பி வளர்ந்தவை. 1975-ல் ஷிமாபுகு மறைந்த பிறகு இஷின்ரியூ பல அமைப்புகளாகப் பிரிந்தது. மற்ற பாணிகளிலும் இதே கதைதான். பெல்ட் கொடுப்பது அந்தந்தப் பள்ளி, அரசு அல்ல. அதனால் ஒரு பள்ளியின் பிளாக் பெல்ட்டை இன்னொரு பள்ளி ஏற்றே ஆகணும் என்ற கட்டாயம் கிடையாது.

போட்டி உலகில் சிக்கல் இன்னும் பெரிசு. இந்திய கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தை இந்திய ஒலிம்பிக் சங்கமும் உலக கராத்தே சம்மேளனமும் 2020-ல் ரத்து செய்தன. நிர்வாகிகளின் சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டது வீரர்கள்தான். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்முறையாக இடம்பெற்ற கராத்தே, 2024 பாரிஸில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை.

பெற்றோர் என்ன கேட்கணும்?

* மாஸ்டர் எந்தப் பாணி, யாரிடம் கற்றார்?
* பள்ளி இணைந்திருக்கும் சங்கத்துக்கு இப்போது அங்கீகாரம் இருக்கிறதா?
* அடுத்த பெல்ட்டுக்கு எத்தனை மாதப் பயிற்சி, எவ்வளவு கட்டணம்?

விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டோ வேலையோ எதிர்பார்த்தால் பெல்ட் மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் பெற்ற சான்றிதழ்தான் கேட்பார்கள். உடற்பயிற்சி, தற்காப்பு, தைரியம் போதும் என்றால் சங்கத்தின் பெயரை விட, தினமும் கிளாஸுக்கு வந்து நிற்கும் மாஸ்டர்தான் முக்கியம். பணம் கட்டும் முன்பே இந்த இரண்டில் எது வேணும்னு முடிவு பண்ணிடுங்க.